பழைய குற்றாலம் மட்டும் தடை

காலை மணி பதினொன்று பதினேழு.

மடிக்கணினியை மேசைமேல் வைத்த சனோபர் அதைத் திறக்காமல் நின்றாள்.

"சாயங்காலம் ஆறு வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க, மேடம். அதுக்குள்ள நிரூபிக்கலைன்னா நான் திருடின்னு ஆயிரும்."

"உக்காரு," என்றாள் அனுசியா.

சனோபர் உட்காரவில்லை. அனுசியாவும் உட்காரவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவன் கிதிர் முகம்மது ஒருவன்தான். மூன்று நாற்காலி போட்டு ஒன்றுக்குத்தான் வேலை என்று நினைத்துக்கொண்டான்.

தென்காசி பஜாரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். அனுசியா ஒன்பது வருஷம் போலீஸில் சைபர் பிரிவில் இருந்தவள். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லுவாள். கிதிர் ஏழு வருஷம் தோஹாவில் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் இருந்துவிட்டுப் போன வருஷம் ஊர் திரும்பியவன். அங்கே இயந்திரச் சத்தத்தில் பேச முடியாமல் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் இங்கே செலவழித்துக்கொண்டிருந்தான். இப்போது அவளுக்கு உதவியாளன்.

சனோபருக்கு வயது இருபத்துமூன்று. விஷயத்தை நின்றுகொண்டே சொன்னாள்.

பத்துப் பத்துப் பேராக அணி பிரிந்து சுட்டுக்கொள்ளும் ஒரு கணினி விளையாட்டு. உலகம் முழுக்க ஆடுகிறார்கள். ஆடுகிற ரசிகர்கள் தாங்களே புதுக் களம் செய்து அதில் சேர்க்கலாம். அதற்கு மோட் என்று பெயர். சனோபர் பதினான்கு மாதம் உழைத்துக் குற்றாலத்தையே களமாகச் செய்திருந்தாள். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், பழக்கடை, குரங்கு எல்லாம் உண்டு. ஆட்டத்தின் நடுவில் சைரன் ஊதும். ஊதிய முப்பதாவது விநாடி தண்ணீர் அருவியின் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழும். மேட்டுக்கு ஏறாதவன் எந்த அணியானாலும் போனான்.

"சுடத் தெரியாதவன்கூட ஜெயிக்கலாம். தண்ணியப் பத்தித் தெரிஞ்சாப் போதும்," என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் தெளிந்தது.

நேற்று அதை ரசிகர் தளத்தில் ஏற்றப் போயிருக்கிறாள். ஏற்கெனவே அது அங்கே இருந்தது. 'சிற்றாறு' என்ற பெயரில் யாரோ போன இருபதாம் தேதியே ஏற்றியிருந்தார்கள். ஒரு கல் பிசகவில்லை. முதலில் ஏற்றியவருக்கே உரிமை என்றார்கள் தளத்துக்காரர்கள். அந்த ஆள் தானாக ஒப்புக்கொண்டு எடுத்தால் சரி. இல்லையென்றால் இன்று ஆறு மணிக்கு சனோபரின் கணக்கை மூடிவிட்டு, திருட்டு என்று எழுதிவைப்பார்கள்.

"எழுதுனா எழுதட்டுமே," என்றான் கிதிர்.

"திங்கக்கிழமை கொச்சியில இன்டர்வியூ, அண்ணே. கேம் கம்பெனி. இந்த மோடோட வீடியோவப் பாத்துத்தான் கூப்பிட்டிருக்காங்க. என் பேரப் போட்டு அவங்க மொதல்ல தேடுற எடமே அந்தத் தளம்தான்."

"பைலெல்லாம் எங்க இருந்துச்சு?" என்றாள் அனுசியா.

"இணையத்துல. பாஸ்வேர்டு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான், முத்துச்செல்வம். இலஞ்சிக்காரன். காலேஜ்ல கூடப் படிச்சவன். சைரன், வெள்ளம் எல்லாம் அவன் எழுதுனதுதான். மார்ச்ல சண்டை போட்டுட்டுப் போயிட்டான்."

"என்ன சண்டை?"

"குரங்கையும் சுடுற மாதிரி வைக்கணும்னான். நான் கூடாதுன்னேன்."

"போன மாசம் எங்கண்ணாடியக் குரங்கு புடுங்கிட்டுப் போச்சு," என்றான் கிதிர். "நான் முத்துச்செல்வம் கட்சி."

அனுசியா சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். யோசிக்கும்போது அவள் கை சும்மா இருக்காது.

"அந்தச் சிற்றாறு ஏத்துனதத் தெற. ஆடிப் பாக்கேன்."

நான்கு நிமிஷத்தில் மூன்று முறை செத்தாள். நான்காவது முறை துப்பாக்கியை மறந்துவிட்டு மெயின் அருவிக்குப் போகும் வழியில் அப்படியே நின்றாள். எதிரே ஒரு பலகை. அதில் மூன்று வரி.

மெயின் அருவி: அனுமதி.
ஐந்தருவி: அனுமதி.
பழைய குற்றாலம்: தடை.

"அதையெல்லாம் எவனும் நின்னு படிக்க மாட்டான், மேடம்," என்றாள் சனோபர்.

"நான் படிப்பேன். அருவிக்குப் போனா துண்ட எடுக்கதுக்கு முன்னாடி பலகையத்தான் பாக்கணும். இத எத வச்சு எழுதுன?"

"அன்னன்னைக்கு நெலவரம். செல்லப்பா அண்ணாச்சி காலையில வாட்ஸப்புல போடுவாங்கள்ல, அதப் பாத்து பலகைய மாத்துவேன். அதுக்கப்புறந்தான் மத்த வேலை. பழகிப்போச்சு."

கிதிருக்குச் செல்லப்பாவைத் தெரியும். குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். சீசன் தொடங்கிவிட்டால் தினமும் காலையில் மூன்று அருவிகளிலும் குளிக்க விடுகிறார்களா இல்லையா என்று குழுவில் போட்டுவிடுவார். குழுவில் தொள்ளாயிரம் பேர்.

"அப்ப இந்தப் பைல்ல தேதி எழுதியிருக்கு," என்றாள் அனுசியா. "ரெண்டு அருவியத் தெறந்துவிட்டு, பழசை மட்டும் அடைச்ச நாள். அன்னைக்குத்தான் நகல் எடுத்திருக்கான். எந்த நாள்?"

"தெனமும் மாத்துறதுல எத ஞாபகம் வைக்க?"

"கிதிர், வண்டிய எடு."

*

செல்லப்பா சவாரி ஏற்றிக்கொண்டு பண்பொழிக்குப் போயிருந்தார். மலைக்கோயில் படி ஏறி இறங்கும் குடும்பத்துக்காக அவர் அங்கே காத்திருந்தார். அவருக்காக இவர்கள் இங்கே காத்திருந்தார்கள்.

சாரல் விட்டுவிட்டு அடித்தது. ஆட்டோ நிறுத்தத்துக்கும் பாலத்துக்கும் நடுவே அனுசியா நடந்தாள். எதிர்த்திசையில் சனோபர் நடந்தாள். பாதி வழியில் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போலக் கடந்தார்கள். பன்னிரண்டரை. ஒன்றே முக்கால். கிதிர் மூன்று டீ குடித்தான். மூன்றாவது டீக்குக் கடைக்காரரே, "யாரையும் பாக்க வந்தியளா, இல்ல எங்கடையத்தான் பாக்க வந்தியளா?" என்று கேட்டுவிட்டார்.

மூன்று இருபதுக்கு ஆட்டோ வந்தது.

"பழசு மட்டும் அடைச்ச நாளா?" செல்லப்பா உதட்டைப் பிதுக்கினார். "அப்படி ஒரு நாள் இந்த சீசன்ல கெடையாது, தாயி. பழச அடைச்ச அன்னைக்கெல்லாம் மெயினையும் அடைச்சிருக்காவ."

"பலகையில அப்படித்தான் இருக்கு, அண்ணாச்சி."

"பலகையில எத வேணா எழுதலாம். நான் சொல்லுதேன், கெடையாது. இந்தா, நீயே பாரு."

போனைக் கொடுத்தார். அனுசியா ஜூன் முதல் தேதியிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தாள். நாளுக்கு மூன்று வரி. அனுமதி, தடை, தடை, அனுமதி. அவர் சொன்னது சரி. அப்படி ஒரு நாள் இல்லை.

சனோபர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

கிதிர் அனுசியாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, எல்லா நாளும் ஆறு மணிக்கு டாண்ணு போட்டிருக்கீரு. ஜூலை பதினாறு மட்டும் ஆறு நாப்பது. தூங்கிட்டீரோ?"

"ஏலே, எனக்கா தூக்கம்?"

"அதுக்கு மேல ஒண்ணு அழிச்சுக் கெடக்கே. மதினிக்கு அனுப்ப வேண்டியதக் குரூப்புல தட்டிட்டீரா?"

செல்லப்பா ஒரு துணியை எடுத்து ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"எட்டு வருசமாப் போடுதேன்," என்றார். குரல் இறங்கிவிட்டது. "ஒரு நா. ஒரே ஒரு நா. விடியக்காலம் நல்ல மழை. பாய விட்டு எந்திரிக்க மனசில்ல. மெயினத் தெறந்துட்டாவன்னு முந்தின நா ராத்திரி ஒருத்தன் சொன்னான். அத நம்பிப் படுத்துக்கெடந்தே போட்டுட்டேன். மெயின் அனுமதி, ஐந்தருவி அனுமதி, பழசு தடைன்னு. அப்புறம் மனசு கேக்கல. ஓடிவந்து பாத்தா மூணும் அடைச்சுக் கெடக்கு. அழிச்சிட்டுச் சரியாப் போட்டேன். வெளிய சொல்லிராத, தாயி. எம் பேச்ச நம்பி மதுரையில இருந்து வண்டி எடுத்து வாராவ. பேரு போச்சுன்னா போச்சு."

"சொல்ல மாட்டேன். எத்தன மணிக்குப் போட்டீங்க?"

"ஆறுக்கு."

"அழிச்சது ஆறு நாப்பதுக்கு."

"ஆமா."

அனுசியா பேனா மூடியை மாட்டினாள். கழற்றவில்லை. கிதிர் அதைக் கவனித்தான்.

"நாப்பது நிமிசம்," என்றாள். "இந்த மூணு வரியும் அந்த நாப்பது நிமிசந்தான் உயிரோட இருந்திருக்கு. அதுக்குள்ள இதப் படிச்சவன்தான் அந்தப் பலகைய எழுதியிருக்கான். சனோபர், பதினாறாம் தேதி காலையில நீ எங்க இருந்த?"

"திருவேங்கடத்துல. சாச்சி மவ கல்யாணம். கம்ப்யூட்டர் கொண்டுபோகல. போனையும் சாச்சி வாங்கி வச்சிக்கிட்டாங்க, கல்யாண வீட்டுலயும் அதையே நோண்டுதேன்னு."

"அப்ப எழுதுனது நீ இல்ல. பின்ன..."

"முத்துச்செல்வம்," என்றாள் சனோபர்.

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டதாகக் கிதிருக்குத் தோன்றியது.

*

முத்துச்செல்வம் ஊர்க்காவல் படையில் சேர்ந்திருந்தான். போலீஸ் தேர்வு முடிவு வரும்வரை சீசன் பாதுகாப்பு. மெயின் அருவியின் கயிற்றோரம் நின்றான். வாயில் விசில். அதை எடுக்காமலே பேசப் பார்த்தான்.

"தம்பி, நீ பேசுதியா ஊதுதியா?" என்றான் கிதிர்.

விசிலை எடுத்தான். "அண்ணாச்சி! ஏ சட்ட போடாத அண்ணாச்சி! அது பொம்பளையாளுவ பக்கம், இங்கிட்டு வாங்க!" பிறகு இவர்களைப் பார்த்தான். பார்வை சனோபரிடம் வந்ததும் விலகியது. "சொல்லுங்க, மேடம்."

அனுசியா சொன்னாள். சுருக்கமாக. பதினாறாம் தேதி என்றதும் அவன் கை கயிற்றைத் தொட்டது.

"அன்னைக்குத் தடை போட்டு இந்தக் கயித்தக் கட்டுனதே நாந்தான். ராத்திரி பத்துலருந்து காலையில எட்டு வரைக்கும் டூட்டி. ஆர்ச்சுக்கு வெளிய தண்ணி விழுது. நனைஞ்சு நடுங்கிக்கிட்டு இங்கனயே நிக்கேன். மெயின் அருவி அனுமதின்னு நான் எப்படி எழுதுவேன்?"



"நாந்தான்னு நெனச்சியா?" என்று சனோபரைக் கேட்டான்.

அவள் அருவியைப் பார்த்தாள்.

"குரங்கு விசயத்துல நீ சொன்னதுதான் சரி," என்றான் அவன். விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே நகர்ந்துவிட்டான்.

மணி நான்கு ஐம்பது.

மூவரும் மேட்டில் ஒரு பழக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கினார்கள். அனுசியா ஒரு ரம்புட்டானை எடுத்து உரிக்காமல் உருட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரி அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கயிறு கட்டுனவன் எழுதல," என்றாள் அனுசியா. "சுத்துவட்டாரத்துல இருக்க யாரும் எழுதியிருக்க மாட்டான். வெளிய தலைய நீட்டுனா மழை தெரியும். அரை மணி பொறுத்தா திருத்தம் வந்திரும். இவன் ரெண்டையும் பாக்கல. ஆறு மணிக்குச் செய்தி வந்ததும் எழுதிட்டு, தூங்கிட்டான். காலையில ஆறு மணிக்குத் தூங்கப் போறவன் யாரு, கிதிர்?"

கிதிர் வாயைத் திறந்தான். வேடிக்கையாக ஏதோ சொல்லத்தான் வந்தான். வரவில்லை.

இங்கே காலை ஆறு என்றால் தோஹாவில் மணி மூன்றரை. அவன் ஷிப்ட் மூன்றுக்கு முடியும். அறைக்கு வந்து கட்டிலில் மல்லாந்தால் மூன்றரை. போன் நெஞ்சில் கிடக்கும். மேல்கட்டிலில் யாராவது குறட்டை விடுவார்கள். செல்லப்பாவின் மூன்று வரி வரும். படித்துவிட்டுக் கண்ணை மூடுவான். ஏழு சீசன் அப்படி. குளிக்கப் போகாதவனுக்கு அனுமதி என்ன, தடை என்ன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அக்கா, ஒரு டீ சாப்பிடுவமா?"

"நீ எத்தன மணிக்குப் படிப்ப, அங்கன இருக்கும்போது?" என்றாள் அனுசியா.

வளைகுடாவில் இருக்கிறவன்தான் என்று அவள் கண்டுபிடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"மூணரைக்கு," என்றான். "படிச்சிட்டுத்தான் படுப்போம். எல்லாரும்."

அனுசியா பழத்தைக் கூடையில் வைத்தாள். "சனோபர். பாஸ்வேர்டு ரெண்டு பேருக்குன்னு சொன்ன. மூணாவது ஆள் யாரு?"

அப்போது சைரன் ஊதியது.

கீழே விசில்கள் ஒரே நேரத்தில் கத்தின. ஈரத் துணியோடு கூட்டம் மேட்டுக்கு ஏறியது. ஒருத்தர் செருப்பைத் தேடித் திரும்பி ஓட, முத்துச்செல்வம் அவர் கையைப் பிடித்து இழுத்தான். கொஞ்ச நேரத்தில் பாறை காலியாகிவிட்டது. தண்ணீரின் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"யூசுப் மச்சான்," என்றாள் சனோபர். சத்தத்தில் அவள் உதடு அசைந்ததைத்தான் கிதிர் பார்த்தான். அவள் மறுபடி சொன்னாள். "மாமி மவன். தோஹாவுல இருக்காரு. நவம்பர்ல எங்களுக்கு நிக்காஹ். அதுவரைக்கும் பேசக்கூடாதுன்னு வாப்பா சொல்லியிருக்காங்க. நாங்க பேசுறது யாருக்கும் தெரியாது. அதான் உங்கள்ட்டச் சொல்லல."

"பாஸ்வேர்டு எதுக்குக் குடுத்த?"

"நான் வெளியூர் போனா பலகைய அவரு மாத்துவாரு. அவரே கேட்டு வாங்குனாரு. எனக்கு இது ஒண்ணாவது குடு சனோன்னு."

"பதினாறாம் தேதி மாத்துனாரா?"

"இல்ல, மேடம்! மாத்தல." இப்போது அவள் வேகமாகப் பேசினாள். "அதனாலதான் நான் அவர நெனைக்கவே இல்ல. ஊருக்கு வந்து பாத்தேன். பதினஞ்சாம் தேதி கெளம்புறதுக்கு முன்னாடி நான் வச்ச பலகைதான் அப்படியே இருந்துச்சு. ஏன் மாத்தலன்னு கேட்டேன். அசந்து தூங்கிட்டேன், செல்லப்பா அண்ணாச்சி போட்டதையே பாக்கலன்னாரு."

"உங்கிட்ட இருந்தத மாத்தல," என்றாள் அனுசியா. "அவருகிட்ட இருந்தத மாத்தியிருக்காரு. அதுக்கு முன்னாடியே நகல் எடுத்தாச்சு. காலையில செய்தி வந்துச்சு. கை தன்னால போயிருச்சு."

களவாண்ட வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்புகிற ஆள் என்று ஒரு வாக்கியம் கிதிரின் நாக்கு நுனிவரை வந்தது. சனோபரைப் பார்த்தான். விழுங்கிவிட்டான்.

"கொச்சி விசயத்த அவருட்ட எப்பச் சொன்ன?" என்றாள் அனுசியா.

"பதினஞ்சாம் தேதி. கல்யாண வீட்டு மொட்டமாடியில நின்னு, போன சாச்சிட்டக் குடுக்கதுக்கு முன்னாடி."

"என்ன சொன்னாரு?"

"ரொம்பச் சந்தோசம்னாரு." அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "நிக்காஹ் முடிஞ்சதும் தோஹாவுக்கு வந்திருவேல்லன்னு கேட்டாரு. மொதல்ல கொச்சி கெடைக்கட்டும்னேன்."

தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழத் தொடங்கியது. பழக்கடைக்காரி கூடைகளை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அக்கா," என்றான் கிதிர். "குரூப்புல தொள்ளாயிரம் பேரு இருக்கான். வேற எவனாவது..."

"தொள்ளாயிரம் பேருக்கும் பாஸ்வேர்டு தெரியுமா?"

அந்த யூசுபைக் கிதிர் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கட்டில் தெரியும். நெஞ்சில் கிடக்கும் போனின் கனம் தெரியும்.

"மணி அஞ்சு இருபது," என்றாள் அனுசியா. "அவரு பேர எழுதித் தளத்துக்கு அனுப்பலாம். இல்ல, அவரையே எடுக்கச் சொல்லலாம். எது செஞ்சாலும் அவரு வாயில இருந்து ஒரு வார்த்த வேணும். நான் கேக்கட்டுமா?"

"வேண்டாம். நானே கேக்கேன்."

"நீ ஏத்துனியான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாரு."

"தெரியும். அந்த நாப்பது நிமிசத்தப் பத்தித்தான் கேக்கப் போறேன்."

சனோபர் போனை எடுத்தாள். எண்ணை அழுத்துவதற்கு முன் துப்பட்டாவைத் தலையில் சரிசெய்துகொண்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். மூன்று முறை மணி அடித்தது. நான்கு. அனுசியா மறுபடி பேனாவைக் கையில் எடுத்திருந்தாள். எடுக்காமல் இருந்துவிடேன் என்று கிதிர் மனத்துக்குள் சொன்னான். யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"சனோ?" தூக்கக் குரல். சந்தோஷமான குரல். "என்ன பகல்லயே கூப்பிடுத? கொச்சிக்குப் பெட்டி கட்டியாச்சா?"

"கட்டணும், மச்சான்."

"பின்னாடி என்ன அவ்வளவு சத்தம்?"

"அருவி. மெயின்ல நிக்கேன். இப்பத்தான் சைரன் ஊதிக் கயிறு கட்டுனாங்க."

"பாத்து நில்லு. மேட்டுல நில்லு."

"மேட்டுலதான் நிக்கேன்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "மச்சான், ஒண்ணு கேக்கணும். பதினாறாம் தேதி காலையில இங்கன குளிக்க விட்டாங்களா?"